உழைப்பின் உள்ளே ஒரு விளையாட்டு

உழைப்பே உயர்வு தரும் என்பது நாம் இளமை முதல் கேட்டுவரும் அறிவுரை. பள்ளிச் சுவர்களில் அதனை எழுதி வைத்திருக்கிறோம்; பரிசளிப்பு விழாக்களில் அதனைச் சொல்லியே உரையை நிறைவு செய்கிறோம். ஆயின், உழைப்பு மகிழ்ச்சியும் தரும் என்று எந்தச் சுவரிலும் நாம் எழுதி வைக்கவில்லை. வேலை என்பது தாங்கித் தீர வேண்டிய சுமை. மகிழ்ச்சி என்பது அச்சுமையை இறக்கி வைத்த பின்னர்க் கிடைக்கும் கூலி. இவ்வெண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றிவிட்டது. மாணவர் விடுமுறையை எண்ணுகிறார். ஆசிரியர் சம்பள நாளை எண்ணுகிறார். அலுவலர் ஓய்வு பெறும் ஆண்டை எண்ணுகிறார். இவ்வாறு எண்ணிக் கழிக்கப்படும் நாள்கள் அனைத்தும் நம் வாழ்நாள்கள் அல்லவா?

முதலாண்டு வகுப்பின் முதல் நாளன்று, "தமிழிலக்கியத்தை ஏன் விரும்பி எடுத்தீர்கள்?" என்று மாணவர்களை வினவுவது என் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் எழுந்து நின்று, "விரும்பி எடுக்கவில்லை ஐயா, வேறு பாடத்தில் இடம் கிடைக்கவில்லை" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். ஆனால், அன்று மாலை பேருந்தில் ஊர் திரும்பும்போது அவ்விடை என்னை விட்டு அகலவில்லை.

உண்மை யாதெனில், நானும் அவ்வாறே தமிழ் படிக்க வந்தவன். அதனினும் கசப்பான உண்மை ஒன்றுண்டு. பல ஆண்டுகளாக ஒரே குறிப்பேட்டைப் புரட்டி, ஒரே இடத்தில் ஒரே நகைச்சுவையைச் சொல்லி, மணியோசையை எதிர்பார்த்து வகுப்பில் நின்றவனும் நானே. விரும்பாமல் வந்த மாணவரும் சலித்து நிற்கும் ஆசிரியரும் ஓரறையில் இருந்தால், நடுவில் கிடக்கும் சிலப்பதிகாரம் என்ன செய்யும்? அம்மாணவருக்கு அன்று நான் சொல்லத் தவறிய விடையையே இங்கு எழுத முயல்கிறேன்.

விளையாட்டு வரிசையில் ஓர் உலக்கை

விடை, நான் ஆண்டுதோறும் நடத்திவந்த அந்தச் சிலப்பதிகாரத்திலேயே இருந்தது. வஞ்சிக் காண்டத்தின் வாழ்த்துக் காதையில் மகளிர் பாடும் பாடல்கள் நான்கு வகையாக வருகின்றன. அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி, வள்ளைப் பாட்டு என்பன அவை. அம்மானை, காய்களை எறிந்து பிடித்து ஆடும் ஆட்டம். கந்துகம், பந்தாட்டம். ஊசல், ஊஞ்சலாட்டம். இம்மூன்றும் விளையாட்டுகள் என்பதில் ஐயமில்லை. நான்காவதாகிய வள்ளைப் பாட்டு எது? உலக்கை கொண்டு குற்றும் பெண்கள், குற்றும்போது பாடும் பாட்டு. அது விளையாட்டன்று, வீட்டு வேலை. அதுவும் தோளும் முதுகும் நோகச் செய்யும் வேலை.

இதனைப் பல ஆண்டுகள் தேர்வுக் குறிப்பாக மட்டுமே சொல்லிக் கடந்து சென்றேன். மூன்று விளையாட்டுகளை அடுத்து ஒரு வேலையை ஏன் இளங்கோவடிகள் நிறுத்தினார் என்று ஒருமுறையும் நான் கேட்டதில்லை. பந்தும் ஊஞ்சலும் உலக்கையும் பாடுவோர் கையில் ஓரினம் என்று அவர் கருதினார் போலும். அப்பாடலில் புகார் நகரத்துப் பெண்கள் கரும்பை உலக்கையாகக் கொண்டு முத்துகளைக் குற்றுகின்றனர். கரும்பால் முத்தைக் குற்றுவார் எவருமிலர். கையில் இருப்பது மரவுலக்கை, உரலில் இருப்பது நெல் என்பதைக் குற்றுகிறவள் நன்கறிவாள். அறிந்தே கற்பனை செய்கிறாள். வேலை மாறவில்லை, வேலைக்குள் ஒரு விளையாட்டு புகுந்துகொண்டது.

நம் மொழியிலேயே இதற்கொரு சான்று உண்டு. அழகாகச் செதுக்கிய கதவைக் கண்டால், "நல்ல வேலைப்பாடு" என்கிறோம். அழகு என்று சொல்ல வேண்டிய இடத்தில் வேலை என்ற சொல்லை வைத்துப் பேசுகிற மக்கள் நாம்.

உட்கார்ந்தால் வராத பாட்டு

ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகத் தொழிற்பாடல்களை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு, என் சொந்த ஊராகிய கம்பைநல்லூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பாடல் திரட்டிய காலம் இப்போது நினைவுக்கு வருகிறது. தென்பெண்ணையாறு அண்மையில் ஓடினும், மேட்டு நிலத்து உழவர்க்குக் கிணறே துணை. மின்மோட்டார் வருவதற்கு முன் ஏற்றமும் கவலையும் இறைத்த நிலங்கள் அவை. நான் சென்றபோது ஏற்றங்கள் மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இறைத்தவர்களுள் சிலர் எஞ்சியிருந்தனர்.

முதியவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, ஏற்றப்பாட்டுப் பாடுமாறு வேண்டினேன். உட்கார்ந்தபடி கண்களை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார். இரண்டு அடிக்கு மேல் வரவில்லை. மீண்டும் தொடங்கினார், மீண்டும் நின்றது. "உக்காந்தா வரமாட்டேங்குது, பாய்வீட்டுத் தம்பி" என்று சொல்லி எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். திண்ணைத் தூணை ஒரு கையால் பற்றிக்கொண்டு, துலாவின் மேல் நடப்பதுபோல் கால்களை முன்னும் பின்னும் மாற்றி வைத்தார். பாட்டு வந்தது. அடி மேல் அடியாகத் தங்குதடையின்றி வந்தது. ஒலிநாடா முடிந்துவிட்டது, பாட்டு முடியவில்லை.

பாட்டு அவர் நினைவில் இல்லை, காலில் இருந்தது என்று அன்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஏற்றத்தில் ஒருவர் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடப்பார். மற்றொருவர் கீழே நின்று சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். மேலே நடப்பவரின் அடி தவறினால் உயிருக்கே இடர். இருவர் உடம்பையும் ஒரு தாளத்தில் கட்டி வைத்தது பாட்டு. எத்தனை சால் இறைத்தோம் என்று கணக்கு வைத்ததும் பாட்டு. எண்ணிக்கையே பாட்டின் அடிகளுக்குள் ஏறி அமர்ந்துகொள்ளும். நாம் நாள்களை எண்ணுகிறோம், அவர்களும் எண்ணினார்கள். ஆனால் அவர்களுடைய எண்ணிக்கை பாட்டாயிற்று.

கம்பரைப் பற்றிய செவிவழிக் கதை ஒன்றை நீங்கள் கேட்டிருக்கலாம். அந்தி வேளையில் ஏற்றம் இறைத்தவர் ஒரு பாட்டின் முற்பாதியைப் பாடி, அத்துடன் அன்றைய வேலையை நிறுத்திவிட்டுப் போய்விட்டாராம். பிற்பாதி என்னவாக இருக்கும் என்று எவ்வளவு எண்ணியும் கம்பருக்குத் தோன்றவில்லையாம். மறுநாள் காலை அவர் வந்து பாடும் வரை கவிச்சக்கரவர்த்தி காத்திருந்தார் என்பது கதை. நடந்ததோ இல்லையோ, இக்கதையைப் படைத்த மக்கள் ஓர் உண்மையை அறிந்திருந்தார்கள். கல்வியில் பெரியவரும் நின்று கேட்கத்தக்க ஒன்று, தன் வேலையில் தோய்ந்த எளியவரிடம் இருக்கக்கூடும் என்பதே அது.

இரும்பும் இசையும்

திருக்குர்ஆனின் 34ஆம் அத்தியாயம் தாவூத் நபி (அலை) அவர்களைப் பற்றிக் கூறுமிடத்து, இரண்டு கொடைகளை அடுத்தடுத்து வைக்கிறது. மலைகளும் பறவைகளும் அவர்களோடு சேர்ந்து இறைவனைத் துதித்தன என்பது ஒன்று. இரும்பு அவர்களுக்கு மென்மையாக்கப்பட்டது, அதனைக் கொண்டு அளவறிந்து கவசங்கள் செய்யுமாறு பணிக்கப்பட்டார்கள் என்பது மற்றொன்று. இசையும் உலைக்களமும் ஓரிடத்தில் பேசப்படுகின்றன. தாவூத் நபி அரசராக இருந்தும் தம் கையுழைப்பில் உண்டவர்கள் என்று நபிமொழி அவர்களைப் போற்றுகிறது.

கி.பி. 627இல் மதீனாவைக் காக்க அகழி தோண்டப்பட்டபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்களும் தோழர்களோடு மண் சுமந்தார்கள். பசியும் குளிரும் வாட்டிய அந்நேரத்தில், சுமக்கும்போதே கவிதையடிகளைத் தோழர்களோடு சேர்ந்து பாடினார்கள் என்றும், அடியின் இறுதியில் குரலை நீட்டினார்கள் என்றும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. ஏற்றப்பாட்டை ஆராய்ந்த பின்னர் இச்செய்தியைப் படித்தபோது, பலமுறை படித்த செய்தி புதிதாகத் தோன்றியது. மண் சுமக்கிறவர் இறுதிச் சீரில் குரலை ஏன் நீட்டுவார் என்பதை எங்கள் ஊர்த் திண்ணையில் அம்முதியவர் எனக்குக் காட்டியிருந்தார் அல்லவா!

காணாமற்போன சட்டைப் பை

இனி என் இல்லத்துக் கதை. என் அத்தா தையற்காரர். கம்பைநல்லூர்க் கடைத்தெருவில் ஒரு சிறிய கடை. ஒரு தையல் இயந்திரம். நோன்பு மாதம் வந்தால் மட்டும் காஜா எடுக்க ஒரு பையன். கோடு போட்ட துணியில் சட்டை தைக்கும்போது, பையின் கோடும் சட்டையின் கோடும் இம்மியும் பிசகாமல் பொருந்துமாறு பையை வைப்பார். சற்றுத் தொலைவில் நின்று பார்த்தால் சட்டைக்குப் பை இருப்பதே தெரியாது. தைத்து முடித்ததும் என்னை அழைத்துச் சட்டையை உயர்த்திப் பிடித்து, "பை எங்கே, கண்டுபிடி பார்க்கலாம்" என்பார். நான் தேடித் திணறினால் அவருக்கு அன்று பெருநாள்.

"வாங்கிப் போகிறவர் இதையெல்லாம் பார்க்கப் போகிறாரா, அத்தா?" என்று ஒருநாள் கேட்டேன். "அவரு பார்க்காட்டி என்ன? நான் பார்த்துட்டேன்ல" என்றார்.

கல்லூரியில் சேர விண்ணப்பம் நிரப்பியபோது, தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'வணிகம்' என்று எழுதினேன். தையல் என்று எழுத வெட்கம். கையொப்பமிட வாங்கிய அத்தா அதனைப் படித்தார். "கடைதானே வச்சிருக்கேன், வணிகந்தான்" என்று சிரித்துக்கொண்டே கையொப்பமிட்டுத் தந்தார். அவர் சிரித்தார் என்பதே இன்றளவும் என்னை வருத்துகிறது. தம் வேலையில் அவர் கண்ட இன்பத்தை நாள்தோறும் எனக்குக் காட்டி வந்தவர் அவர்; அவ்வேலையை மறைக்கக் கற்றவன் நான். எனக்கு அதனைக் கற்பித்தவர் யார்? எந்த ஒருவரும் இல்லை. படித்தவன் வேலை உயர்ந்தது, கைவேலை தாழ்ந்தது என்ற நம் பொதுப் பேச்சே கற்பித்தது.

யார் சொல்வது, யாருக்குச் சொல்வது?

இவ்விடத்தில் நியாயமான மறுப்பொன்று எழும். 'வேலையில் இன்பம் காண்க' என்று சொல்வது எளிது. வயிற்றுக்காக உடம்பை வருத்துகிறவரிடம் அதனைச் சொல்ல நமக்கு என்ன உரிமை? இம்மறுப்பை நான் தலைவணங்கி ஏற்கிறேன். 2025 பிப்ரவரியில் எங்கள் கம்பைநல்லூர் அருகே பட்டாசுத் தொழிற்கூடத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் பெண் தொழிலாளர் மூவர் உயிரிழந்தனர். பிறர் வீட்டுத் திருநாளின் மகிழ்ச்சிக்காக மருந்துத் தூளோடு உழைக்கும் கைகள் அவை. அத்தகையோரிடம் சென்று, விளையாட்டாக எண்ணி வேலை செய்யுங்கள் என்பது அறமாகாது. அவர்களுக்கு முதலில் வேண்டுவது பாதுகாப்பு; அடுத்து, நிறைந்த கூலி; அதற்கடுத்து, ஓய்வு. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுக என்பதே நபிமொழி; கூலிக்கு மாற்றாக மகிழ்ச்சியைக் கொடுக்குமாறு எங்கும் சொல்லப்படவில்லை.

எனக்குப் பாடிய முதியவரும் இதனையே சொன்னார். விடைபெறும்போது, "அந்தக் காலம் திரும்ப வரணும்னு எழுதிடாத தம்பி. தோள்பட்டை செத்துப் போகும். மோட்டார் வந்ததுதான் நல்லது" என்றார். ஆகவே, ஏற்றம் மீள வேண்டும் என்பது என் கருத்தன்று. துன்பத்தைப் பாட்டால் மூடி மறைப்பதும் என் நோக்கமன்று. அத்தனை கடினமான வேலைக்குள்ளேயே தமக்கென ஒரு சிறு விளையாட்டை அவர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள் எனின், அதனினும் எத்தனையோ இலகுவான வேலையில் அமர்ந்திருக்கும் நாம் ஏன் சலித்துக் கிடக்கிறோம் என்பதே என் கேள்வி. மின்விசிறியின் கீழ் நின்று கரும்பலகையில் எழுதும் எனக்கு இக்கேள்வி முதலில் உரியது.

சலிப்புக்கு மருந்து

1965ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அமெரிக்கப் பேராசிரியர் ரிச்சர்டு ஃபெய்ன்மன், இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியேற்ற காலத்தில் ஆராய்ச்சியில் சலிப்புற்றுக் கிடந்தார். ஒருநாள் உணவுக்கூடத்தில் யாரோ ஒருவர் ஒரு தட்டை மேலே எறிய, அது சுழன்றுகொண்டே தள்ளாடியது. அச்சுழற்சிக்கும் தள்ளாட்டத்துக்கும் உள்ள தொடர்பை, எவ்விதப் பயனும் கருதாது, வேடிக்கைக்காகவே கணக்கிட்டுப் பார்த்தார். அவ்வேடிக்கை வழியாகவே தாம் கைவிட்டிருந்த ஆய்வுக்குத் திரும்பியதாகவும், பரிசு பெற்றுத் தந்த ஆய்வு அதிலிருந்தே வளர்ந்ததாகவும் அவர் பின்னாளில் எழுதினார். பரிசு பிற்பாடு வந்தது. விளையாட்டு முற்படத் தொடங்கியது.

விளையாட்டு மட்டும் போதுமா? போதாது. யாருக்காகச் செய்கிறோம் என்ற பொருளும் வேண்டும். உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5027 விருத்தங்கள் கொண்டது. ஏட்டுச் சுவடிகளில் இருந்த அக்காப்பியத்தைச் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் 1842இல் அச்சில் ஏற்றினார்கள். உ.வே. சாமிநாதையர் அவர்கள் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பிப்பதற்கு 45 ஆண்டுகள் முந்தைய பணி அது. ஏட்டில் எழுத்துக்குப் புள்ளி இராது. ஏட்டின் ஓரத்தைச் செல் அரித்திருக்கும். ஒரு சொல்லை உறுதி செய்யப் பல ஏடுகளை ஒப்பிட வேண்டும். கூலியை மட்டும் எண்ணுகிறவர் முடிக்கக்கூடிய வேலையன்று அது. தமக்குப் பின் வருவோர் படிப்பர் என்ற எண்ணமும், ஒரு சொல் பிடிபடும்போது தோன்றும் தனி இன்பமும் சேர்ந்தே அத்தகையோரை இருத்தி வைக்கும். என் அத்தா பையை ஒளித்து வைத்ததும், புலவர் பெருமக்கள் மறைந்த சொல்லைத் தேடியதும் ஒரே கண்ணாமூச்சியின் இரு பக்கங்கள் என்றே நான் கருதுகிறேன்.

எனவே நான் கண்ட முடிபு இது. வேலையில் இன்பம் என்பது பிடித்த வேலை கிடைத்தால் வருவதன்று. வேலையைப் பிடித்துக்கொள்ளும்போது வருவது. அதற்குக் கை பழக வேண்டும். பழகிய கைக்கே விளையாட இடம் கிடைக்கும். துலாவில் நடக்கத் தெரியாதவர் பாட முடியாது; விழாமல் இருப்பதே அவருக்குப் பெரும்பாடு. ஆதலின் முதற்பருவத்துச் சலிப்பைக் கண்டு, இத்துறை எனக்கு ஏற்றதன்று என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் எத்துறைக்கு வந்தீர்களோ, அதில் யாரும் கேட்காத ஒரு சிறு நுட்பத்தை உங்களுக்காக மட்டும் செய்து பாருங்கள். உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களே, மஞ்சளாகிப் போன குறிப்பேட்டை இவ்வாண்டு ஒருமுறை மூடி வைத்துவிட்டு வகுப்பில் நுழைந்து பார்ப்போம். சமுதாயப் பெரியோர்களே, மதிப்பெண் பெற்ற பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தும் மேடையில், நாற்பதாண்டு தைத்த கையையும் மரம் இழைத்த கையையும் ஒருமுறை அழைத்து உட்கார வையுங்கள். ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது நபிமொழி. அதனை நாம் பேச்சில் மட்டும் வைத்திருத்தல் தகுமா?

வேறு இடம் கிடைக்காமல் வந்த அம்மாணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுத்த பருவத்தில், அவரவர் வீட்டில் வழங்கும் தொழிற்பாடல் ஒன்றைக் கேட்டு எழுதி வருமாறு வகுப்பிற்குப் பணித்தேன். அவர் தம் தாயார் நாற்று நடும்போது பாடும் பாட்டை எழுதி வந்தார். படிக்கச் சொன்னேன். "படித்தால் நன்றாக இராது ஐயா" என்று சொல்லிப் பாடினார். வகுப்பு இம்முறை சிரிக்கவில்லை. அவர் தமிழாசிரியர் ஆகவில்லை. ஒசூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். அண்மையில் தொலைபேசியில் பேசியபோது, "அங்கே பாட்டெல்லாம் உண்டா?" என்று கேட்டேன். "இயந்திரச் சத்தத்தில் கேட்காது ஐயா. நான் வாய்க்குள் பாடிக்கொள்வேன், எண்ணிக்கை தப்பாமல் இருக்கும்" என்றார்.

துலாவில் நின்றவர்கள் பாடியதும் அதற்காகவே. இவ்வாண்டு முதல் நாள் வகுப்பில், ஏன் விரும்பி எடுத்தீர்கள் என்று நான் எவரையும் கேட்கவில்லை. "உங்கள் வீட்டில் என்ன வேலை செய்கிறார்கள்? அதில் எந்த இடம் அவர்களுக்கு மிகவும் பிடிக்கும்?" என்று கேட்டேன். என் விடையையே முதலில் சொன்னேன்: "என் அத்தா தையற்காரர். கோட்டோடு கோடு சேரும் இடம் அவருக்கு மிகவும் பிடிக்கும்."